நியமச் சலாம்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற றோட்டில் கையைத் தூக்காமல் வாகனம் ஓட்டுகிற ஆள் ஒன்றில் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோடாவது கோபமாக இருக்க வேண்டும். எதிரே வருகிறவன் தெரிந்தவன் என்றால் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கை தெரிய உயர்த்த வேண்டும். தெரியாதவன் என்றாலும் உயர்த்திவிடுவது நல்லது; யார் அது என்று வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம். கையோடு சேர்ந்து வாயும் சலாம் சொல்லும். கண்ணாடிக்கு உள்ளே சொல்லும் சலாம் எதிரே போகிறவனுக்குக் கேட்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் சொல்லாமல் விட்டால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

பதுர்தீன் இந்த றோட்டில் முப்பது வருஷமாகக் கை தூக்குகிறவர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது உடுத்த சாரத்தோடு வந்து ஆலங்குடாவில் குடியேறியவர். நுரைச்சோலை ஐஸ் பெக்டரியிலிருந்து ஆலங்குடாக் கரையில் அல்பிரட் முதலாளியின் மீன் வாடிக் கொட்டகைக்கு ஐஸ் ஏற்றும் சின்ன லொறி அவருடையது. வேறு தொழில் தெரியாது, இந்த வயசில் பழகவும் முடியாது. ஊரைவிட்டு வந்த பிறகு அரசாங்கம் அவர் கையில் கொடுத்த உருப்படியான சாமான் என்றால் அந்த லைசன்ஸ் அட்டை ஒன்றுதான். அதை அவர் சட்டைப்பையில் நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த றோட்டுக்குத்தான் மோதல் தவிர்ப்பு அதிகார சபை வந்து சேர்ந்தது.

பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்து பதுர்தீன் செய்தி சொன்னபோது, அவருடைய மனைவி கமீலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "மோதல் முடிஞ்சு இத்தன வருஷமாச்சு. இப்பதானா தவிர்க்க வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"இது வேற மோதலாம். வாகனம் வாகனத்தோட மோதுற."

"அப்ப மற்ற மோதலத் தவிர்க்க ஆரும் வரேல்லையே," என்றாள் கமீலா.

நுரைச்சோலையில் பந்தல் போட்டுத் திறப்பு விழா நடந்தது. சாரதி இல்லாமல் தானாக ஓடும் வெள்ளைக் கார் ஒன்றுக்கு மாலை போட்டிருந்தார்கள். உள்ளே சீற்றுகள் எல்லாம் காலி. கண்ணுக்குத் தெரியாத ஜின் ஓட்டுகிறது என்று அன்று பின்னேரமே ஊர் அதற்கு ஜின் கார் என்று பெயர் வைத்துவிட்டது. சபையின் பணிப்பாளர் மகாலிங்கம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மேடையேறி, கடற்காற்றில் பறந்த பேச்சுத்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கினார்.

"மோதல்களுக்கெல்லாம் காரணம் மனிதர். மனிதரை அகற்றினால் மோதல் அகலும். இதோ, ஒரு வாகனத்திலிருந்து அகற்றிவிட்டோம். மிச்ச வாகனங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் படிப்படியாக அகற்றுவோம்."

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் தொண்ணூறில் வந்தவர்கள். அகற்றுவது என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு பேர் கதிரையை விட்டு எழும்பிச் செருப்பைத் தேடினார்கள்.

மகாலிங்கம் தொடர்ந்தார். இந்த வாகனம் மற்ற வாகனங்களோடு கம்பியில்லாமல் கதைக்கும். நான் இந்த வேகத்தில் வருகிறேன், நீ எந்த வேகத்தில் வருகிறாய் என்று கேட்கும். அது பதில் சொல்லும். இருவரும் மோதமாட்டார்கள்.

பதுர்தீன் எழும்பி நின்றார். "இப்ப அது ஆரோட கதைக்குது சேர்?"

மகாலிங்கம் பக்கத்தில் நின்ற பொறியியலாளர் பிரியதர்சினியைப் பார்த்தார். வவுனியாப் பிள்ளை, பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "இரண்டாவது கார் இன்னும் வரேல்ல நானா. டென்டரில நிக்குது," என்று அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு சொன்னாள். "அதுவரைக்கும் இது கேட்டுக்கொண்டிருக்கும். பதிலுக்குப் பாத்துக்கொண்டிருக்கும்."

பாவமாக இருந்தது பதுர்தீனுக்கு. கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு சீவன் இல்லாமல் றோட்டில் திரிவது காருக்கென்றாலும் நல்லாவா இருக்கும்?

அடுத்த நாள் குறிஞ்சிப்பிட்டித் திருப்பத்தில் அது எதிரே வந்தது. பதுர்தீனின் கை அவரைக் கேட்காமலே உயர்ந்தது. கார் கிறீச்சென்று நின்றது.

ஒருவன் சலாத்துக்கு வாகனத்தை நிறுத்தினால் ஏதோ சொல்ல இருக்கிறது என்று அர்த்தம். எங்காவது மௌத்து விழுந்திருக்கும், இல்லாவிட்டால் கல்யாணமாக இருக்கும். பதுர்தீனும் லொறியை நிறுத்தி இறங்கிப் போய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் மரியாதைக்கு இன்னொரு தரம் கையைத் தூக்கினார்.

"தடுக்கும் சைகை பெறப்பட்டது," என்றது கார். கொழும்பில் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் அதற்குச் செந்தமிழ் படிப்பித்திருந்தார். "தாங்கள் செல்வீராக. யான் காத்திருக்கிறேன்."

"இல்ல, நீங்க போங்க," என்று பதுர்தீன் கையை ஆட்டினார்.

"தடுக்கும் சைகை பெறப்பட்டது. யான் காத்திருக்கிறேன்."

பின்னால் பஸ் வந்தது, வெங்காயம் ஏற்றிய டிரக்டர் வந்தது, இரண்டு ஓட்டோ வந்தது. ஒவ்வொரு சாரதியும் இறங்கி வந்து 'போ போ' என்று கையைக் காட்டினார்கள். ஒவ்வொரு கையும் பெறப்பட்டது. பஸ் கொண்டக்டர் இரண்டு கையையும் காட்டினான். அது இரண்டாகப் பெறப்பட்டது. ஐஸ் உருகி லொறியின் கீழே தண்ணீர் ஓட, முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் ளுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். றோட்டில் ஒரு கையும் இல்லாமல் போனதும் கார் தன்பாட்டில் கிளம்பிப் போனது.

அல்பிரட் வாடி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். லொறிக்குள் எட்டிப் பார்த்தார். "ஐஸ் கேட்டா தீர்த்தம் கொண்டு வாறியே மச்சான். நான் என்ன, மீனுக்கு ஞானஸ்நானமா குடுக்கிற?"

நடந்ததைச் சொன்னால் நம்புகிற கதையா அது? பதுர்தீன் உருகாமல் மிஞ்சிய ஐஸை இறக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து மற்றவர்கள் ஜின் காரைக் கண்டால் கையைத் தூக்குவதில்லை; பதுர்தீனின் கைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கமீலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "தாங்கள் கடந்த மாதத்தில் எமது ஊர்தியுடன் 143 தடவைகள் மோத முயன்று, 143 தடவைகளும் வெற்றிகரமாகத் தவிர்க்கப்பட்டீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்." அதற்குக் கீழே மகிழ்ச்சி முடிந்துவிட்டது. சாரதி அனுமதிப்பத்திரத்தை உடனே ஒப்படைக்க வேண்டும், இரண்டு வாரத்தில் விசாரணை, அதுவரைக்கும் தற்காலிக அனுமதித் துண்டு ஒன்று தரப்படும் என்று இருந்தது. துண்டில் ஒரேயொரு நிபந்தனை: வாகனத்தில் ஒரு கீறல் விழுந்தாலும், காரணம் எதுவானாலும், அனுமதிப்பத்திரம் நிரந்தரமாக இரத்து.

லைசன்ஸைக் கொடுத்துவிட்டு வந்த பதுர்தீன் வெறும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தார். "லைசன்ஸ் போனா நான் ஆரு கமீலா?" என்று கேட்டார்.

"இஞ்ச பாருங்க, கொஞ்ச நாளைக்குக் கைய வச்சிக்கொண்டு சும்மா இருங்க," என்றாள் அவள்.

இருந்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் ஒட்டி வைத்ததுபோலப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களைப் பாராமல் ஓட்டினார். முதல் நாள் ஊர் யோசித்தது. இரண்டாம் நாள் கோபித்தது. மூன்றாம் நாள் ஹாசிம் வீடு தேடி வந்துவிட்டார். ஹாசிமின் மகனுக்குத்தான் பதுர்தீனின் மகள் றிஷ்னாவைப் பேசி வைத்திருந்தது. கதிரையில் உட்காராமலே கேட்டார்: "சம்பந்தம் வேணாம் எண்டா வாயால சொல்லலாமே. நடு றோட்டுல முகத்தத் திருப்பிக்கொண்டு போறது என்ன பழக்கம்?"

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு பிளேன்டீயும், தண்டனைக் கடிதத்தை மூன்று தரம் வாசித்துக் காட்டுவதும் தேவைப்பட்டன. போகும்போது ஹாசிம், "அப்ப அந்தக் காருக்கு மட்டும் தூக்காதீங்க, எங்களுக்குத் தூக்குங்க," என்றார். தூரத்தில் வருவது கார் என்று தெரிகிற நேரத்துக்குள் கை உயர்ந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்ய?

இதற்கிடையில் அதிகார சபைக்குள்ளும் கவலை புகுந்தது. மகாலிங்கத்தின் அறைச் சுவரில் தவிர்க்கப்பட்ட மோதல்களின் வரைபடம் ஒன்று தொங்கியது. முதல் மாதம் மலைபோல ஏறிய கோடு, பதுர்தீன் கையைக் கட்டுப்படுத்திய நாளிலிருந்து தரையில் படுத்துவிட்டது.

"பத்து நாளாக ஒரு மோதலும் தவிர்க்கப்படவில்லை," என்றார் மகாலிங்கம்.

"ஒருத்தரும் மோத வரேல்ல சேர்," என்றாள் பிரியதர்சினி.

"அவர்கள் வராதது அவர்களுடைய விஷயம். நாங்கள் தவிர்க்கவில்லை என்பதுதான் கொழும்புக்குத் தெரியும். தவிர்ப்பதற்கு மோதல் இல்லையென்றால் இந்தச் சபை எதற்கு என்று கேட்கமாட்டார்களா?"

விசாரணை நாளில் பதுர்தீன் வெள்ளைச் சட்டை, தொப்பியோடு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மகாலிங்கம் கோப்பைத் திறந்தார்.

"நூற்று நாற்பத்து மூன்று தடவை கையைத் தூக்கியிருக்கிறீர்கள். ஏன்?"

"சலாம் சேர்."

"யாருக்கு?"

"வாறவங்களுக்கு."

"வாகனம் காலி. ஆளில்லாத இடத்துக்குச் சலாம் சொல்வதற்கு ஏதாவது விதி இருக்கிறதா?"

"இருக்கு சேர். வீட்டுக்குள்ள ஆள் இல்லாட்டியும் சலாம் சொல்லித்தான் போவம். வெறும் வீடு எண்டு நாங்க நினைக்கிற. மலக்குமார், அதான் வானவர்கள், இருப்பாங்க."

மகாலிங்கம் பேனையை வைத்துவிட்டுச் சற்று நேரம் காலிச் சீற்றுகளைப் பற்றி யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மலக்குமார் பயணம் செய்தால் அவர்களைப் பயணிகள் எண்ணிக்கையில் சேர்க்கலாமா?" என்று பிரியதர்சினியைக் கேட்டார். இதுவரைக்கும் அந்தக் காரில் ஒரு பயணியும் ஏறவில்லை. அந்த நிரல் அறிக்கையில் வெறுமையாகக் கிடந்தது.

பிரியதர்சினி அதற்குப் பதில் சொல்லாமல், பிழை எங்கே என்று விளக்கினாள். காரின் மூளை வெளிநாட்டில் படித்தது. அங்கே விரித்த உள்ளங்கை என்றால் நில் என்று அர்த்தம். இந்த றோட்டில் அது வந்தாயா, சுகமா, போய் வா என்று அர்த்தம். "நானாவில பிழை இல்ல சேர். கார் சலாம் படிச்சா சரி."

மகாலிங்கத்தின் முகம் மலர்ந்தது. புதிய வேலை என்றால் புதிய குழு; குழு என்றால் கூட்டம்; கூட்டம் என்றால் அறிக்கை. அன்றே சலாம் வரையறைக் குழு அமைந்தது. கை தோளிலிருந்து எத்தனை பாகை உயர்ந்தால் சலாம்? எத்தனை விரல்? எத்தனை வினாடி? மூக்கைச் சொறியப் போகும் கைக்கும் சலாத்துக்கும் வித்தியாசம் என்ன? நான்கு கூட்டம் நடந்தது. ஐந்தாவது கூட்டத்தில், அளவுகோலாக ஒரு சலாம் வேண்டும் என்றும் அது பதுர்தீனுடையதாக இருக்கலாம் என்றும் தீர்மானித்தார்கள். அதற்கு நியமச் சலாம் என்று பெயரும் வைத்தார்கள். ஒத்துழைத்தால், பரீட்சார்த்த ஓட்டம் மோதலில்லாமல் முடிந்த அன்றே லைசன்ஸ் திரும்பக் கையில்.

ஆக, சபை முற்றத்தில் வெயிலில் பழைய கதிரையில் உட்கார்ந்து, கமராவுக்கு முன்னால் பதுர்தீன் முந்நூறு தரம் சலாம் வைத்தார். எழுதுவினைஞர் ஒருவர் பாகைமானியோடு பக்கத்தில் நின்றார். "நானா, இது நாற்பத்தெட்டு பாகை. நேற்று ஐம்பத்திரண்டு. கொஞ்சம் உண்மையாகச் செய்யுங்கோ," என்றார்.

"உண்மையாச் செய்யிறதுக்கு எதிரில ஆராவது வரணுமே தம்பி."

அதனால் எழுதுவினைஞர் பாகைமானியைப் பிடித்தபடியே எதிரில் நடந்து நடந்து வந்தார். தோள் வீங்கிப்போய்ப் பதுர்தீன் வீட்டுக்கு வருவார். கமீலா கோடாலித் தைலம் தேய்த்து விடுவாள். "முப்பது வருஷம் வச்ச சலாத்துக்கு இப்பதான் கை நோகுது," என்றாள்.

கார் சலாம் படித்தது. பதில் சொல்லவும் படித்தது. ஆனால் சபையின் நல்லிணக்கப் பிரிவு குறுக்கே வந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பதில் சொல்லலாமா? ஆளைப் பார்த்து முடிவு செய்தால் அதுவும் வில்லங்கம். ஆகவே கையைத் தூக்குகிற எவருக்கும் கார் வஅலைக்குமுஸ்ஸலாம், வணக்கம், சிங்களத்தில் ஆயுபோவன் என்று மூன்றும் சொல்லும் என்று முடிவானது. சொல்லி முடிக்கிறதற்குள் வாகனம் இரண்டும் விலகிப்போய்விடும் என்பதால் ஆயுபோவன் எப்போதும் பின்னால் வருகிற மாட்டுக்குத்தான் கிடைத்தது.

பரீட்சார்த்த ஓட்டம் ஆலங்குடாத் திருப்பத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து விருந்தினர் வந்து பந்தலுக்குக் கீழே இளநீர் குடித்தார்கள். போன ஓட்டங்களில் கார் அடிக்கடி நின்று மானத்தை வாங்கியிருந்தது. அதனால் மகாலிங்கம் முன்கூட்டியே கட்டளை போட்டிருந்தார்: "இன்றைக்கு அது எதற்கும் நிற்கக் கூடாது." பிரியதர்சினி மறுத்துப் பார்த்தாள். எழுத்தில் தந்தார், அவளும் எழுத்தில் ஆட்சேபித்துவிட்டுச் செய்தாள்.

முதல் சுற்று அற்புதமாகப் போனது. ஐஸ் ஏற்றிய லொறியில் பதுர்தீன் கையைத் தூக்கினார், கார் மூன்று மொழியில் பதில் சொல்லிக்கொண்டு வழுக்கிப் போனது. விருந்தினர் எழும்பி நின்று கைதட்டினார்கள். மகாலிங்கம் மேசை மேல் இருந்த லைசன்ஸ் அட்டையை எடுத்துப் பதுர்தீனுக்குத் தெரியும்படி ஆட்டிக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு சுற்று.

இரண்டாம் சுற்றுக்கு லொறியைக் கோட்டில் நிறுத்திவிட்டுப் பதுர்தீன் பின்கண்ணாடியைப் பார்த்தார். லொறிக்குப் பின்னால் திருப்பத்தில் அல்பிரட்டும் ஐந்து ஆட்களும் ஒரு படகை உருளைக்கட்டைகளில் வைத்துக் கடல் பக்கமிருந்து களப்புப் பக்கத்துக்கு றோட்டுக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டிருந்தார்கள். றோட்டு மூடப்படும் என்ற அறிவித்தலைச் சபை தன்னுடைய சுவரிலேயே ஒட்டியிருந்தது. படகு பாதி றோட்டில் இறுகி நின்றது. ஆறு பேரும் தலையைக் குனிந்து தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் கார் வந்துகொண்டிருந்தது.

பதுர்தீன் குதித்து இறங்கி, றோட்டு நடுவில் நின்று கையைத் தூக்கினார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். வணக்கம். ஆயுபோவன்," என்றது கார். வேகம் குறையவில்லை.

"நில்லு, நில்லு," என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கார் இரண்டு தரம் பதில் சொன்னது.

ஐம்பத்திரண்டு பாகை. தானே உட்கார்ந்து முந்நூறு தரம் படிப்பித்த பாடம். படுபாவி வேலை பார்த்துவிட்டோமே என்று தன்னையே ஏசிக்கொண்டார். ஓடிப்போய் லொறியில் ஏறினார். ஒரு கீறல் விழுந்தாலும் நிரந்தரமாக இரத்து என்ற வரி கண்ணுக்கு முன்னால் நின்றது. லைசன்ஸ் போனால் அவர் யாருமில்லை. 'போகட்டும், மண்ணாங்கட்டி' என்று ஸ்டியரிங்கை ஒடித்து லொறியை றோட்டுக்குக் குறுக்கே விட்டார்.

கார் லொறியின் இடது கதவில் வந்து ஏறியது. ஐஸ் கட்டிகள் றோட்டெல்லாம் சிதறி, ஒன்று வழுக்கிக்கொண்டு போய் அல்பிரட்டின் காலில் முட்டி நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கார், லொறி, ஐஸ், தான் உயிரோடு நிற்பது எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு வந்து பதுர்தீனை லொறியிலிருந்து இறக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பந்தலில் இளநீர் உறிஞ்சும் சத்தம்கூட நின்றுவிட்டது. மகாலிங்கம் நடந்து வந்தார். மோதலே நடக்காத சபை என்று அன்று காலையில்தான் பேசியிருந்தார். நொறுங்கிய கதவைச் சுற்றி ஒரு தரம் போனார், மறுபடியும் ஒரு தரம் போனார்.

"நீங்கள் சலாம் சொன்னீர்கள்," என்றார்.

"நிக்கச் சொன்னன் சேர்."

"பதிவில் சலாம் என்றுதான் இருக்கிறது. மூன்று தடவை. கார் மூன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கத்தில் சலாமுக்குப் பிறகு என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்யிற... கிட்ட வந்தா முஸாபஹா. கை குடுப்பம்."

மகாலிங்கம் விருந்தினர் பக்கம் திரும்பினார். அவருடைய குரலில் பழைய முழக்கம் வந்துவிட்டது. "பெரியோர்களே, நீங்கள் கண்டது மோதல் அல்ல. மனிதனும் இயந்திரமும் சலாம் பரிமாறி, மரபுப்படி கைகுலுக்கியிருக்கிறார்கள். உலகில் இதுவே முதல் தடவை."

சற்று யோசித்துவிட்டு விருந்தினர் கைதட்டினார்கள். பிரியதர்சினி மட்டும் தட்டவில்லை. காரின் பின்பக்கத்தைத் திறந்து வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே கடதாசி தயாரானது. 'இரு ஊர்திகளும் முஸாபஹா செய்துகொண்டன. மோதல் எதுவும் நிகழவில்லை' என்று இருந்தது. மோதல் இல்லையென்றால் நிபந்தனை மீறப்படவில்லை. மீறப்படவில்லையென்றால் லைசன்ஸைக் கொடுக்கலாம். பதுர்தீன் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அப்ப இந்தக் கதவ ஆரு செய்து தாற?" என்று அல்பிரட் கேட்டார்.

"கைகொடுத்ததற்கு யாராவது நட்டஈடு கேட்பார்களா?" என்றார் மகாலிங்கம். உண்மையிலேயே மனம் புண்பட்டவர்போலக் கேட்டார்.

பதுர்தீன் கதவைப் பார்த்தார், லைசன்ஸைப் பார்த்தார். வீங்கிய கையால் கையெழுத்துப் போட்டார். அட்டையை வாங்கித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

புகைப்படக்காரர் தயாராக நின்றார். மகாலிங்கம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, சிரித்த முகத்தோடு கையை நீட்டினார்.

பதுர்தீன் இரண்டடி பின்னால் போனார்.

"வேணாம் சேர்," என்றார். "லொறியில இனி ஒரு கதவுதான் மிச்சம் இருக்கு."